மைதானத்து ஓரத்திலிருந்து ஒரு வார்த்தை



சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவியின் கீழ் நின்றவர்கள் ஒரு காரியத்தை நன்கு அறிவார்கள். அங்கே நீண்ட பேச்சு எடுபடாது. தண்ணீரின் இரைச்சலில், தோளோடு தோள் உரசி நிற்கிறவர் சொல்வதுகூடக் காதில் விழாது. பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டத் தொடங்கும் வேளையில் காவலர்கள் யாருக்கும் விளக்கவுரை ஆற்றிக்கொண்டிருப்பதில்லை. ஒரு விசில், ஒரு கையசைவு, ஒரு சொல், அவ்வளவுதான். கேட்டவர்கள் உடனே விலகுகிறார்கள்.

விளையாட்டு மைதானமும் இத்தகைய இடமே. போட்டியின் இரைச்சலுக்குள் நிற்கும் பிள்ளையிடம், பல மாதங்கள் பயிற்றுவித்தவர் மைதானத்து ஓரத்திலிருந்து சொல்லக்கூடியது ஒன்றிரண்டு வார்த்தைகளே. ஆனால் அந்த ஒன்றிரண்டு வார்த்தைகள் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் மனத்தில் தங்கிவிடுகின்றன. தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் கபடியோ கைப்பந்தோ ஆடி வளர்ந்த பெரியவர்களிடம் கேட்டுப்பாருங்கள். பள்ளியில் படித்த பாடங்களை மறந்திருப்பார்கள், பி.டி. மாஸ்டர் சொன்ன ஒரு சொல்லை மறந்திருக்கமாட்டார்கள். சிலருக்கு அது வாழ்நாள் முழுவதும் ஊன்றுகோலாக இருக்கும். சிலருக்கோ ஆறாத புண்ணாக இருக்கும்.

எந்த வார்த்தை ஊன்றுகோலாகிறது, எந்த வார்த்தை புண்ணாகிறது? இந்த வாரம் விளையாட்டு வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டி இக்கேள்விக்கு விடை தேடுவோம்.

பாரிஸ், 1924

1924-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பாரிஸ் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. இங்கிலாந்தின் ஹெரால்டு ஆபிரகாம்ஸ் 100 மீட்டர் ஓட்டத்தில் ஓட வந்திருந்தார். அவருடைய பயிற்சியாளர் சாம் முஸ்ஸாபினி. பணம் பெற்றுக்கொண்டு பயிற்சி அளிப்பதை இழிவாக எண்ணிய காலம் அது. ஆகையால் முஸ்ஸாபினிக்கு அதிகாரபூர்வ அணியில் இடம் இல்லை. அவர் ஆபிரகாம்சுக்குக் கொடுத்த அறிவுரையின் கருத்து இதுதான்: இரண்டே காரியங்களை நினைத்துக்கொள், ஒன்று துப்பாக்கி, மற்றொன்று நாடா. முதலாவதின் சத்தம் கேட்டதும், இரண்டாவதை அறுக்கும்வரை உயிரைக் கொடுத்து ஓடு.

இந்தச் சொல் எதையெல்லாம் விட்டுவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். பக்கத்துத் தடத்தில் ஓடுகிறவன் இதில் இல்லை. பார்வையாளர் கூட்டம் இல்லை. நாளைய செய்தித்தாள் இல்லை. பயிற்சியாளரும் இல்லை. 'என் பெயரைக் காப்பாற்று' என்றோ, 'உனக்காக நான் பட்ட பாட்டை நினைத்துக்கொள்' என்றோ முஸ்ஸாபினி சொல்லவில்லை. புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் காட்டிவிட்டு, தம்மை நடுவிலிருந்து எடுத்துக்கொண்டார். ஜூலை 7 அன்று ஆபிரகாம்ஸ் 10.6 விநாடிகளில் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார்.

அதே போட்டிகளில் ஸ்காட்லாந்தின் எரிக் லிடெலும் இருந்தார். சீனாவில் ஊழியம் செய்த மிஷனரி பெற்றோருக்கு 1902-இல் பிறந்தவர். 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் வந்தபடியால், தமக்கு மிகவும் ஏற்ற அந்த ஓட்டத்தை அவர் விட்டுவிட்டு 400 மீட்டர் ஓட்டத்துக்கு ஆயத்தமானார் என்பது நம்மில் பலர் அறிந்ததே. ஜூலை 11, இறுதி ஓட்டத்தின் நாள். அன்று அணி வீரர்களின் உடம்பைப் பிடித்துவிடும் உதவியாளர் ஒருவர் அவர் கையில் ஒரு சிறு காகிதத்தைக் கொடுத்தார். தேவனைக் கனப்படுத்துகிறவனைத் தேவன் மறப்பதில்லை என்னும் பொருளுடைய வேத வசனம் ஒன்றை (1 சாமுவேல் 2:30) நினைப்பூட்டி, வாழ்த்தும் எழுதியிருந்தார் அவர். லிடெல் அன்று 47.6 விநாடிகளில் ஓடி உலக சாதனையுடன் வென்றார்.

அந்த வெற்றியை மட்டும் பார்த்தால் காகிதத்தின் உட்பொருளைத் தவறவிடுவோம். அதில் 'நீ வெல்வாய்' என்ற வாக்குறுதி இல்லை. அந்த வசனம் பேசியது இனி நடக்கவேண்டிய ஓட்டத்தைப் பற்றியன்று. லிடெல் ஏற்கெனவே செய்துவிட்ட தெரிந்தெடுப்பைப் பற்றியது. அவர் அன்று கடைசியாக வந்திருந்தாலும் அந்தக் காகிதம் பொய்யாகியிருக்காது. பின்னாளில் சீனாவில் ஊழியம் செய்து, ஜப்பானியரின் தடுப்பு முகாமில் 1945-ஆம் ஆண்டு பிப்ரவரி 21 அன்று, 43-ஆம் வயதில் அவர் மரித்தபோதும் அது பொய்யாகவில்லை. வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் ஒன்றுபோல் பொருந்தும் வார்த்தையே உண்மையான வார்த்தை.

சென்னைக்கு வந்த ஒரு பயிற்சியாளர்

அந்தப் பாரிஸ் போட்டிகளுக்கு இந்திய வீரர்களையும் அழைத்துச் சென்றார்கள். அவர்களுடன் சென்றவர் சென்னையிலிருந்த ஓர் அமெரிக்கர், ஹாரி குரோ பக். அவர் 1919-இல் சென்னைக்கு வந்து, 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் விரிந்த மைதானங்களுடன் இருக்கும் அக்கல்லூரி, விரல்விட்டு எண்ணத்தக்க சில மாணவர்களோடு ஆரம்பமானது.

நம் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் 'டிரில்' என்றிருந்த காலம் அது. படைவீரரைப் போல் வரிசையில் நின்று கட்டளைக்குக் கைகால் அசைப்பதே விளையாட்டுப் பாடம். பிள்ளைகளை நேசித்து, அவர்கள் உடலையும் உள்ளத்தையும் அறிந்து கற்பிக்கும் ஆசிரியரை உருவாக்க வேண்டும் என்பது பக்கின் நோக்கம். 1943-இல் மரிக்கும்வரை அவர் அப்பணியிலேயே இருந்தார். அக்கல்லூரியில் பயின்றவர்கள் தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் உள்ள பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களாகச் சென்றார்கள். கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, காலை ஆறு மணிக்கே பிள்ளைகளுக்காக மைதானத்தில் காத்திருக்கும் ஆசிரியரை நாம் இன்று பார்க்கிறோமே, அவருடைய தொழில்வழி முன்னோர்களில் ஒருவர் ஹாரி பக்.

நம் ஊர்ப் பையன்கள் ஆடும் ஆட்டங்களுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. கூடைப்பந்தை 1891-இலும், கைப்பந்தை 1895-இலும் உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர்களே. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித் இறையியல் பட்டம் பெற்றவர். பிற்பாடு போதகராக அபிஷேகமும் பெற்றார். அவர் கன்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் 55 ஆட்டங்களில் வென்றார், 60 ஆட்டங்களில் தோற்றார். ஓர் ஆட்டத்தையே உலகத்துக்குக் கொடுத்தவரின் கணக்கில், வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். ஆனாலும் அவரைத் தோற்றவர் என்று யாரும் நினைப்பதில்லை.

ஒரே வளாகம், இரண்டு வாக்கியங்கள்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க விளையாட்டு உலகத்தில் ஒரு வாக்கியம் பிறந்தது: வெற்றி எல்லாமும் அல்ல, வெற்றி ஒன்றே உண்டு. இதைக் கால்பந்துப் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியின் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அவருக்கு முன்னரே, 1950 வாக்கில் இதைச் சொன்னவர் ரெட் சாண்டர்ஸ். அவர் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர். லொம்பார்டியோ, இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்றும், தாம் கருதியது முயற்சியையே என்றும் பின்னாளில் வருந்தியதாக எழுத்தாளர் ஜேம்ஸ் மிச்சனர் பதிவு செய்திருக்கிறார். ஆனால் வாயிலிருந்து புறப்பட்ட சொல் திரும்பவில்லை. கடல் கடந்து, மொழி கடந்து, நம் பயிற்சி வகுப்புகளின் விளம்பரப் பலகைவரை அதன் கருத்து வந்து சேர்ந்துவிட்டது.

ஆச்சரியம் என்னவென்றால், சாண்டர்ஸ் பணியாற்றிய அதே பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டுகளில் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர் ஜான் வுடன். அவரிடம் வேறொரு வாக்கியம் இருந்தது. அது பிறந்த இடம் மைதானம் அன்று; வகுப்பறை. வுடன் இளவயதில் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தார். தன்னால் இயன்ற அளவு உழைத்து நடுத்தர மதிப்பெண் பெற்ற பிள்ளையையும், ஏதோ பெருங்குற்றம் செய்ததுபோலப் பெற்றோர் நடத்துவதைக் கண்டு அவர் மனம் நொந்தார். உழைத்த பிள்ளையைத் தோற்றவனாக எண்ணுவது நியாயம் அல்ல என்று கருதி, 1934-இல் வெற்றி என்பதற்குத் தாமே ஒரு விளக்கம் எழுதினார். அதன் சாரம்: உன்னால் எட்டக்கூடிய மிக நல்ல நிலையை எட்டுவதற்கு உன்னால் ஆனதையெல்லாம் செய்தாய் என்று அறிவதால் வரும் மன அமைதியே வெற்றி.

இப்படிப் பேசுகிறவர் போட்டி உலகத்தில் நிலைப்பாரா என்று சிலர் கேட்கலாம். 1948-இல் அப்பல்கலைக்கழகத்துக்கு வந்த வுடன், தேசியப் பட்டம் இல்லாமல் 15 பருவங்களைக் கடந்தார். 1964-இல் முதல் பட்டம் வந்தது. 1975-இல் ஓய்வு பெறுமுன் மொத்தம் 10 பட்டங்கள். அவற்றில் 7 தொடர்ச்சியாக வந்தவை. ஆயினும் அவருடைய மாணவர்கள் முதுமையிலும் எடுத்துச் சொன்னது பட்டங்களை அல்ல, முதல் நாள் பயிற்சியை. நாடெங்கிலுமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்களை உட்காரவைத்து, காலுறையைச் சுருக்கமில்லாமல் போடுவது எப்படி, காலணியின் நாடாவை இறுகக் கட்டுவது எப்படி என்றுதான் அவர் முதலில் கற்றுக்கொடுப்பார். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் பயிற்சி தடைப்படும். தங்களை நட்சத்திரங்களாக எண்ணி வந்த இளைஞர்கள் திகைத்தார்கள். பிற்பாடு புரிந்துகொண்டார்கள்.

இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள வேறுபாட்டைச் சோம்பலுக்கும் உழைப்புக்கும் உள்ள வேறுபாடாக எண்ணவேண்டாம். வுடனின் வாக்கியம் அதிகமான உழைப்பைக் கேட்கிறது. ஏனென்றால் எளிய எதிராளியை வென்றுவிட்டோம் என்று அதில் ஓய்ந்திருக்க முடியாது. வேறுபாடு இதுதான்: முதல் வாக்கியம் பிள்ளையின் மதிப்பை மதிப்பெண் பலகையில் எழுதிவைக்கிறது. இரண்டாவது, அந்தப் பலகைக்கு அந்த அதிகாரம் இல்லை என்கிறது.

நூறில் ஒரு பங்கு

செங்கோட்டைக் கணவாயைக் கடந்தால் நமக்கு அண்டை நிலம் கேரளம். அங்கே பய்யோலி கடற்கரை மணலில் பி.டி. உஷா என்னும் பெண்பிள்ளையைப் பயிற்றுவித்தவர், விமானப்படையில் பணியாற்றிய ஓ.எம். நம்பியார். 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் உஷா ஓடினார். மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனைக்கு 55.41 விநாடி, உஷாவுக்கு 55.42. விநாடியில் நூறில் ஒரு பங்கு. கண் இமைக்கும் நேரத்தில்கூட அது ஒரு சிறு துண்டு. தேசம் முழுவதும் கண்ணீர் விட்டது.

'வெற்றி ஒன்றே உண்டு' என்பது மெய்யானால், அன்றோடு அக்கதை முடிந்திருக்கவேண்டும். நான்காம் இடத்துக்குப் பதக்கம் கிடையாது. ஆனால் நம்பியார் தம் மாணவியை விட்டு விலகவில்லை. மறுபடியும் அதே கடற்கரை, அதே மணல், அதே அதிகாலை. 1985-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் உஷா 5 தங்கமும் 1 வெண்கலமும் வென்றார். 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டில் 4 தங்கமும் 1 வெள்ளியும் பெற்றார். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருது 1985-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர்களுள் நம்பியாரும் ஒருவர்.

தோற்ற மறுநாள் காலையில் மைதானத்துக்கு வந்து நிற்பதும் ஒரு வார்த்தையே. சொல்லாமல் சொல்லப்படும் வார்த்தை அது: 'உன் இடம் இங்கே இருக்கிறது; நானும் இருக்கிறேன்.'

வேதம் காட்டும் ஓட்டம்

அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து பட்டணத்தில் ஒன்றரை ஆண்டு தங்கியிருந்தார் (அப்போஸ்தலர் 18:11). அந்தப் பட்டணத்தின் அருகே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்துமியப் போட்டிகள் நடந்தன. ஓடுகிறவர்களையும் குத்துச்சண்டை வீரர்களையும் அவ்வூரார் நன்கு அறிந்திருந்தார்கள். ஆகவேதான் 1 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரத்தில் அவர் ஓட்டத்தையும், வாடிப்போகும் கிரீடத்தையும் பற்றி எழுதியபோது அது அவர்களுக்கு எளிதில் விளங்கியது. பிலிப்பியர் 3-ஆம் அதிகாரத்தில் பின்னானவற்றை மறந்து இலக்கை நோக்கித் தொடருவதைப் பேசுகிறார். முஸ்ஸாபினியின் துப்பாக்கியும் நாடாவும் இங்கே நம் நினைவுக்கு வருகின்றன.

ஆயினும் பவுலுக்கே ஒரு பாடம் கற்றுக்கொடுத்த நிகழ்ச்சி உண்டு. மாற்கு என்னும் யோவான் முதல் ஊழியப் பயணத்தின் பாதியிலேயே திரும்பிவிட்டான். இரண்டாம் பயணத்துக்கு அவனைச் சேர்த்துக்கொள்ளப் பவுல் இசையவில்லை. பர்னபா அவனை விட்டுவிடவில்லை. தன்னோடு சேர்த்துக்கொண்டு குப்புரு தீவுக்குப் புறப்பட்டான் (அப்போஸ்தலர் 15:37-39). ஆண்டுகள் பல சென்றபின், சிறையிலிருந்து எழுதும் பவுல், மாற்கு தமக்குப் பயனுள்ளவன் என்று சொல்லி அவனை அழைத்துவரச் சொல்கிறார் (2 தீமோத்தேயு 4:11). ஓட்டத்தில் இடறிய ஒருவனோடு பர்னபா நின்றதால், சபைக்கு ஒரு ஊழியன் திரும்பக் கிடைத்தான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, யோர்தான் நதிக்கரையில் வானத்திலிருந்து உண்டான சத்தத்தைத் தியானியுங்கள். இவர் தமக்குப் பிரியமான குமாரன் என்று பிதா சாட்சி கொடுத்தது எப்பொழுது? ஒரு குருடனும் பார்வை அடைவதற்கு முன்பு. ஐயாயிரம் பேர் போஷிக்கப்படுவதற்கு முன்பு. ஒரு பிரசங்கமும் செய்யப்படுவதற்கு முன்பு. ஓட்டம் தொடங்குமுன்னே பிதா அந்த அன்பை அறிவித்துவிட்டார். அதற்குப் பின்புதான் வனாந்தரம் வந்தது, சோதனை வந்தது, சிலுவையும் வந்தது. நேசம் ஓட்டத்தின் பரிசு அன்று, ஓடுவதற்கான பலம்.

நம் வீடுகளின் ஓரத்தில்

பிரியமானவர்களே, நாம் அனைவரும் விளையாட்டுப் பயிற்சியாளர்கள் அல்ல. ஆனால் பெற்றோரும் ஆசிரியரும் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவர்களும் ஏதோ ஒரு மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறோம். பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் தெருக்களில் நிலவும் இறுக்கத்தை நீங்கள் அறிவீர்கள். சில மதிப்பெண்கள் குறைந்ததற்காக, வீட்டுக்கு வந்து முகத்தைக் காட்ட அஞ்சி, பிள்ளைகள் உயிரையே மாய்த்துக்கொண்ட செய்திகளை ஆண்டுதோறும் வாசிக்கிறோம். 'வெற்றி ஒன்றே உண்டு' என்பதை யாரோ ஒருவர் அந்தப் பிள்ளைக்கு உறுதியாக நம்பவைத்துவிட்டார்கள். அதைத் தீய எண்ணத்தோடு சொல்லியிருக்கமாட்டார்கள். நன்மை விரும்பியே சொல்லியிருப்பார்கள். ஆனாலும் சொல் தன் வேலையைச் செய்துவிட்டது.

ஆகையால் இந்த வாரம் நாம் பிள்ளைகளிடம் பேசுமுன் மூன்று கேள்விகளால் நம் வார்த்தையைச் சோதிப்போம். முதலாவது, நான் சொல்வதில் பிள்ளையின் இலக்கு இருக்கிறதா, என் கௌரவம் இருக்கிறதா? இரண்டாவது, இன்று வென்றாலும் தோற்றாலும் இந்த வார்த்தை உண்மையாகவே இருக்குமா? மூன்றாவது, தோற்ற மறுநாள் காலையில் நான் அதே இடத்தில் நிற்பேனா?

இக்கேள்விகளைக் கேட்பதால் ஒழுக்கம் குறைந்துவிடாது. காலுறையின் சுருக்கத்தைக்கூட நீக்கச் சொன்னவர் வுடன். நூறில் ஒரு பங்கு விநாடியில் பதக்கம் நழுவிய பின்னும் மணலில் ஓடவைத்தவர் நம்பியார். நேசிக்கப்படுகிறோம் என்று அறிந்த பிள்ளை கண்டிப்பையும் தாங்கும். அந்த நிச்சயம் இல்லாத பிள்ளைக்குப் பாராட்டும் பாரமாகிவிடும்.

நீங்கள் சிறுவயதில் கேட்ட ஒரு நல்ல வார்த்தை இன்றும் உங்களைத் தாங்குமானால், அதைச் சொன்ன ஆசிரியர் இன்னும் உயிரோடிருந்தால், இந்த வாரமே சென்று பாருங்கள். அவருக்கு அது நினைவில் இல்லாமல் போகலாம். உங்களுக்கு நினைவிருக்கிறது என்பதை அவர் அறியட்டும்.

ஜெபம்: எங்கள் ஓட்டம் தொடங்குமுன்னே எங்களை நேசித்த பிதாவே, எங்கள் பிள்ளைகளிடம் நாங்கள் பேசும் வார்த்தைகளைக் காத்தருளும். அவர்கள் விழும் நாளில் அவர்கள் அருகே நிற்க எங்களுக்குக் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.